‘வெளியே’ என்று நான் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

மாலை வகுப்பு. கீழே சலவைக்கடையில் இஸ்திரி போடும் நீராவி ஜன்னல் வழியாக ஏறிவந்ததில் கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. துடைத்துத் துடைத்து எழுதினேன். இன்று ‘ஃபார் குட்’. ‘ஹீ லெஃப்ட் தி ஜாப் ஃபார் குட்’ என்று எழுதிப் பொருள் கேட்டேன். செருப்புக்கடைப் பெண் எழுந்து, “நல்லதுக்குத்தான் வேலையை விட்டான் சார்” என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒரேயடியாக விட்டுவிட்டான், இனித் திரும்ப மாட்டான் என்று விளக்கினேன்.

பிறகு என் வழக்கமான பிரசங்கம். ஆங்கிலத்தில் பெரிய சொற்களைக் கண்டு பயப்படாதீர்கள். இன், ஆன், அட், பை, அப், ஆஃப் என்று சில்லறை போலக் கிடக்கிறதே, அதுதான் காலை வாரும். பெயர்ச்சொல்லோடு கைகோத்து வரும்போது இரண்டுமே தங்கள் பழைய பொருளை வீட்டில் வைத்துவிட்டு வரும். ‘ஆன் டைம்’ என்றால் சரியான நேரத்துக்கு. ‘இன் டைம்’ என்றால் கைமீறிப் போவதற்குள். தனித்தனியாகப் பெயர்த்தால் தொலைந்தீர்கள். டாக்ஸி ஓட்டுபவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பெருமையாக இருந்தது.

மார்ச் 4, புதன்

சகலையைப் பார்க்கப் போனேன். என் மனைவியின் அக்கா கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்திருக்கிறார்கள். கண் மஞ்சள், உதடு வறட்சி, வாய் மட்டும் அதேதான். “வாங்க வாத்தியாரே. இந்த நர்ஸுங்க பேசுற இங்கிலீஷைக் கொஞ்சம் திருத்திட்டுப் போங்க, ரொம்பத் தப்பும் தவறுமா என்னைக் குத்துறாங்க.”

அக்காவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருக்கு நான் தம்பி.

நாளை மறுநாள் பெரிய டாக்டர் பேசுவார், கூட வாருங்கள் என்று கேட்டார். அக்காவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. குடும்பத்தில் அந்த வேலைக்கு ஆள் நான்தான். பாங்க் என்றால் நான், கோர்ட் என்றால் நான், வீட்டுக்காரனோடு தகராறு என்றால் நான்.

மார்ச் 6, வெள்ளி

நல்ல சேதி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண்தான். நடைபாதையில் நின்றபடியே பேசினாள். இடுப்பில் ஒரு கருவி கத்திக்கொண்டே இருந்தது, பேச்சும் அதே வேகம். ‘வீ வில் கீப் ஹிம் கம்ஃபர்டபிள்’ என்றாள். ‘எ வீக், அட் தி அவுட்சைட்’ என்றாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்தபடி சகலை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து, “தம்பி, என்ன சொல்றாங்க?” என்றார்.

“வசதியாப் பார்த்துக்குவாங்களாம். ஒரு வாரத்துல வெளியே வந்துடலாம்.”

அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். உள்ளே போய்ச் சொன்னதும் சகலை, “பார்த்தியா, வாத்தியாரு போனா வேலை எப்படி முடியுது” என்றார்.

மாலையில் சிட்டுவுக்குப் போன் செய்தேன். அவர்கள் மகள், ஒரே மகள். தொலைவில் ஒரு நகரத்தில் ரயில் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள். வருகிற புதன் அவளுக்குக் கடைசித் தேர்வு. “சித்தப்பா, நான் கிளம்பி வரவா? பரீட்சையை அப்புறம்கூட எழுதிக்கலாம்” என்றாள்.

“எதுக்கு? அப்பா அடுத்த வாரம் வீட்டுல இருப்பார். பரீட்சையை முடிச்சிட்டு நிதானமா வா.”

“நிச்சயமாவா?”

“டாக்டர் வாயால சொன்னதை நான் காதால கேட்டேன்.”

மார்ச் 7, சனி

தனி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இருக்கிறது. நன்றாகத் தேறுகிறார் போல.

மார்ச் 9, திங்கள்

மூக்குக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். கை ஊசியும் இல்லை. பத்தியம் கிடையாது, எது கேட்டாலும் கொடுக்கலாம் என்று நர்ஸ் சைகையில் சொன்னாளாம். அக்கா ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். சகலை இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, “கம்பிரஸர் சரியில்லாத கடையில வாங்கியிருக்கே, பாதி உருகிட்டு உறைஞ்சது இது” என்றார். தூக்கம் அதிகமாக இருக்கிறது. மருந்தின் களைப்பு என்று அக்காவிடம் சொன்னேன்.

கிளம்பும்போது, “பாப்பா எப்போ வரா?” என்று கேட்டார்.

“அவ வர்றதுக்குள்ள நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க சகலை.”

“சரி. வீட்டுக் கதவைத் திறக்குறப்போ நான் நிக்கணும், அவ்வளவுதான்.”

மார்ச் 11, புதன்

சிட்டு தேறிவிட்டாள். சாயங்காலம் நான் கட்டிலருகே இருந்தபோது போன் வந்தது. “சித்தப்பா, பாஸ்! அப்பாகிட்ட குடுங்க.” அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பட்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். “தூங்கறார்ம்மா. நேர்ல வந்து சொல்லு, அதுதான் அழகு” என்றேன். நாளை ராத்திரி வண்டியில் ஏறுகிறாள்.

மார்ச் 12, வியாழன்

காலையில் சகலை போய்விட்டார்.

மார்ச் 14, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

வியாழன் காலை அக்கா நடைபாதையில் உட்கார்ந்து, “நேத்து நல்லாத்தானே இருந்தார், நல்லாத்தானே இருந்தார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த டாக்டர் வந்தாள். அக்காவின் நிலையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். என்னைத் தனியே அழைத்து, மெதுவாக, இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, நான்தான் வெள்ளிக்கிழமையே சொன்னேனே, அதிகம் போனால் ஒரு வாரம் என்று, அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டாள். அதே வார்த்தைதான். ‘அட் தி அவுட்சைட்.’ பிறகு என் முகத்தைப் பார்த்து அவளாகவே, ‘அட் மோஸ்ட்’ என்று மாற்றிச் சொன்னாள்.

அதிகம் போனால் ஒரு வாரம்.

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியும் என்று ஏன் ஆட்டினேன்?

தனி அறை எதற்கு, குழாய்களை ஏன் கழற்றினார்கள், ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று ஏன் சொன்னார்கள் — எல்லாம் இப்போது வரிசையாக வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. நல்ல சேதி சொல்கிறவள் எதற்காக அக்காவின் தோளைத் தொட வேண்டும்? பார்த்தேன். பார்த்துவிட்டு, டாக்டர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

‘அவுட்சைட்’ காதில் விழுந்தது, ‘வெளியே’ என்றேன். முன்னால் நின்ற அந்தத் துளி ‘அட்’டை விழுங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கரும்பலகை முன்னால் நின்று பேசினேனே. டாக்ஸிக்காரர் எழுதிக்கொண்டாரே. அந்தத் தொடரை நான் அதுவரை கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை. ஒரு வார்த்தை, புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க என்றிருந்தால் போதும். சகலை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குப் புரியவில்லை என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அதுக்காகவா? அதுக்காகத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

சிட்டு வெள்ளிக்கிழமை காலையே வந்துவிட்டாள். எல்லாம் முடியும்வரை என்னிடம் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை. இன்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“திடீர்னு ஆயிடுச்சா சித்தப்பா?”

“ஆமாம்மா. திடீர்னுதான்.”

இதற்கு எந்த டாக்டர் மேலும் பழி போட முடியாது. இது சுத்தத் தமிழில் நானே சொன்ன பொய்.

மார்ச் 17, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லியனுப்பினேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று போனேன். செருப்புக்கடைப் பெண் ‘அட் லாஸ்ட்’டுக்கும் ‘அட் லீஸ்ட்’டுக்கும் வித்தியாசம் கேட்டாள். ‘அட்’ என்று பலகையில் எழுதிவிட்டு அப்படியே நின்றேன். “சார், உடம்பு இன்னும் சரியாகலையா?” என்றார்கள். சீக்கிரமே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அக்காவும் சிட்டுவும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிட்டுவுக்கு இன்னும் இரண்டு வாரம் லீவு இருக்கிறது. ஆஸ்பத்திரி மீது புகார் கொடுக்கப்போகிறார்களாம். அந்த டாக்டர் மீது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவள், கவனிக்காமல் விட்டு ஆளைக் கொன்றுவிட்டாள் என்று.

“ஏதோ தப்பான மருந்து குடுத்திருக்காங்க சித்தப்பா. இல்லேன்னா ஒரு வாரத்துல வெளியே வரவேண்டியவர் எப்படிப் போவார்?”

“நீங்கதானே தம்பி காதால கேட்டீங்க” என்றார் அக்கா. “உங்க இங்கிலீஷ்ல நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக்குடுங்க.”

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். எழுதுகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. சொல்லலாம். சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

எழுதிவிட்டேன். தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன். சிட்டு தினமும் வந்து கேட்டாள். வழவழவென்று எழுதினால் புகார் தானாகச் செத்துப்போகும் என்று உட்கார்ந்தேன். பேனா பிடித்ததும் பழைய புத்தி. வாக்கியம் வாக்கியமாக இழைத்து விட்டேன். டாக்டர் எங்களிடம் ‘இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’, அதாவது ஐயத்துக்கே இடமில்லாமல், நோயாளி குணமாகிறார் என்று உறுதி கூறினார் என்று ஒரு வரி. அது எத்தனை நல்ல வரி என்று ரசித்தேன். ரசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தபாலில் போடுகிறேன் என்று சொன்னேன், போடாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில். சிட்டு கையை நீட்டினாள். “குடுங்க, நானே நேர்ல குடுக்கறேன்.”

ஏப்ரல் 1, புதன்

சாப்பிட முடியவில்லை. மனைவி கேட்டாள். வாயு என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து சிட்டுவுக்குப் பதில் வந்துவிட்டது. அடுத்த வியாழன் விசாரணை. அதுவரை அந்த டாக்டரை நோயாளிகளைப் பார்க்கவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். சிட்டு லீவை நீட்டிக்கொண்டாள்.

அக்கா முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. “அவருக்கு நியாயம் கிடைக்கும் தம்பி. எல்லாம் உங்களாலதான்.”

எல்லாம் என்னாலதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். குழாயை மூடினாள். ஈரக்கையோடு திரும்பினாள்.

“டாக்டர் சொன்னது புரியலைன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“பாதி தெரியும்.”

“பாதி தெரிஞ்சு வாயைத் திறந்தீங்களா?”

அவள் கை துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “கல்யாணமான புதுசுல நான் ‘டுமாரோ மார்னிங்’குக்கு முன்னாடி ‘ஆன்’ போட்டேன்னு உங்க சிநேகிதங்க முன்னாடி திருத்துனீங்க, ஞாபகம் இருக்கா? அன்னையிலிருந்து உங்க முன்னாடி நான் இங்கிலீஷ் பேசுனதே இல்ல. கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை.

“அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். வியாழக்கிழமைக்கு முன்னாடி. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும்ல?”

மறுபடி பாத்திரம் கழுவ எழுந்தவள், “ஒரு வாரம் அவர் சந்தோஷமா இருந்தார், அது மட்டும் உண்மை” என்றாள். ஆறுதலுக்காகச் சொல்கிறாள். எடுத்துக்கொள்ளக் கை வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன். சொன்னேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து சகலையின் கருவிப்பெட்டியைப் பிரித்துவைத்திருந்தார். ஸ்பேனர்களைத் துடைத்து, அவருடைய பட்டறைப் பையனுக்குக் கொடுப்பதற்காக. சிட்டு பக்கத்தில். நான் உட்காரவில்லை.

“அக்கா, அந்த டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லவே இல்ல. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

“தப்பான்னா?”

“அவங்க சொன்னது, அதிகம் போனா ஒரு வாரம்னு.”

“எதுக்கு ஒரு வாரம்?”

அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதையும் நான்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. “உயிரோட இருக்க.”

துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். கை மட்டும் வேலை செய்தது.

சிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க? அந்த இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன்.

“பயிற்சியில எங்களுக்கு வாய்மொழி உத்தரவு எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும் சித்தப்பா. புரியலைன்னா திருப்பிக் கேட்காம வண்டியை நகர்த்தக் கூடாது. அன்னைக்குப் போன்ல நீங்க அர்த்தம் சொல்லாம, அவங்க சொன்னதை மட்டும் அப்படியே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். நான் வந்திருப்பேன்.” குரலை உயர்த்தவே இல்லை. “பாஸ் ஆனதைச் சொல்லணும்னு கேட்டேன். தூங்கறார்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்புறம் மாடியில கேட்டேன். திடீர்னுதான்னு சொன்னீங்க.”

“ஆமா.”

அவள் மறுபடி உள்ளே போனாள். அக்கா கடைசி ஸ்பேனரையும் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவருக்குத் தெரிஞ்சிருந்தா பாப்பாவை உடனே வரச்சொல்லியிருப்பார். இல்ல, பயந்திருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியல தம்பி. இப்ப நீங்க கிளம்புங்க.”

வெயிலில் வீடுவரை நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

விசாரணை அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் நிர்வாகத்தார் மூன்று பேர், கோடியில் அந்த டாக்டர். இந்தப் பக்கம் சிட்டு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. புகாரை எழுதியது நான், அதில் இருப்பது தவறு, டாக்டர் சரியாகத்தான் சொன்னார், எனக்குத்தான் புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேடையேறிப் பேசுகிறவனைப் போல வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய் மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரிதான் வந்தது. ஒட்ட முடிவெட்டியிருந்த நிர்வாகி, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆங்கில ஆசிரியர் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

டாக்டர் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சாகப்போகிறார் என்ற சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்ல வாய் வராமல்தான் சுற்றி வளைத்தேன் என்றாள். அதோடு, அவர் மனைவி அழுததைப் பார்த்து விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் என்றாள்.

சிட்டு புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்துபோய் டாக்டரிடம் ஏதோ கேட்டாள். அப்பா கடைசியில் வலியோடு இருந்தாரா என்றுதான் இருக்க வேண்டும். இருவரும் ஜன்னலோரம் வெகுநேரம் பேசினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சித்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். நான் குளித்து முடிக்கக் காத்திருக்கவில்லை.

மே 5, செவ்வாய்

போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை, யார் செய்தது என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்று இரண்டு பேர் குறைந்திருந்தார்கள். சரிதான்.

ஜூன் 2, செவ்வாய்

மனைவி அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். “உங்களைக் கேட்டாங்களா?” என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

காலையில் அக்காவிடமிருந்து போன். எனக்கே வந்தது. கண்ணில் புரை, இன்று டாக்டர் பார்க்கிறார், சிட்டுவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். வேறு யாராவது தோதான ஆளைப் பார்த்து அனுப்புகிறேன் என்று இழுத்தேன். “ஆளெல்லாம் வேண்டாம். நீங்க வாங்க” என்று வைத்துவிட்டார்.

கண் டாக்டர் வயதானவர், நல்ல கூட்டம். ஆபரேஷன் முடிந்ததும் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, குனிந்து எடை தூக்கக்கூடாது, ‘ஃபார் தி டைம் பீயிங்’ என்றார். தற்போதைக்கு. எத்தனையோ வகுப்பில் நடத்திய தொடர். சொல்ல வாயெடுத்தேன், நிறுத்தினேன்.

“மன்னிக்கணும் டாக்டர். அது எத்தனை நாளைக்குன்னு கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொன்னார். அதை அக்காவுக்குச் சொன்னேன். அடுத்த வாக்கியத்தையும் கேட்டேன். நான் புரிந்துகொண்டதை அவரிடமே திருப்பிச் சொல்லி, சரிதானா என்றேன். வாசலில் காத்திருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். போதும் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அக்கா கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கையை நீட்டித் துழாவி, என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“அவசரமில்ல தம்பி. இன்னொரு தடவை கேளுங்க.”

உட்கார்ந்து, கேட்டேன்.